முதுகு போய் வந்த பிறகு: ராடு முதலில், ஸ்விங் கடைசியில்

முதுகில் அடிபட்டு வருபவர்களுக்கு ஜிம்மில் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான்: "ராடு பக்கமே போகாதீங்க. சின்ன கெட்டில்பெல்லா எடுத்து ஸ்விங் பண்ணுங்க, முதுகு தானா பலமாயிடும்." ராடு என்றால் இரண்டு முனையிலும் எடைத் தட்டு மாட்டித் தூக்கும் நீளக் கம்பி. கெட்டில்பெல் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, அதைக் கால்களுக்கு நடுவிலிருந்து முன்னால் வீசுவது ஸ்விங். என் விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. 60 கிலோ ராடை வலியில்லாமல் தூக்க ஆரம்பித்துவிட்ட காலத்திலும், 12 கிலோ கெட்டில்பெல்லை ஸ்விங் செய்தால் மறுநாள் காலை இடது கால் இழுக்கும். அது ஏன் என்று புரிந்த பிறகுதான் திரும்பி வரும் வழி எனக்குப் பிடிபட்டது. நான் டாக்டர் இல்லை, பிசியோவும் இல்லை. கோயம்புத்தூரில் கணக்கு எழுதும் வேலை, வேலை முடிந்தால் ஜிம், நாற்பதைத் தாண்டிய வயது.

முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியது ராடு தூக்கும்போது அல்ல. விடிகாலையில், துணி ஊறப்போட்ட வாளியை பாத்ரூமிலிருந்து வெளியே எடுக்கும்போது. கேட்டவர்கள் எல்லாரும் "டெட்லிஃப்ட் பண்ணீங்களா?" என்றார்கள், அதாவது ராடைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது. வாளி என்றால் யாரும் நம்பவில்லை. ஆரம்பத்தில் வெறும் இடுப்புப் பிடிப்பு. அப்புறம் வலி இடுப்பை விட்டு இறங்கியது. பிட்டம், தொடையின் பக்கவாட்டு, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம், கடைசியில் கட்டைவிரல்வரை மரமரப்பு. தும்மினால் பாதம்வரை சுரீர் என்றது. நடந்தால் தேவலாம். நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தாங்காது.

எலும்பு டாக்டர் ஸ்கேனுக்கு எழுதுவதற்கு முன்பு மூன்று கேள்விகள் கேட்டார். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? உட்காரும் இடத்திலும் தொடைகளின் உட்புறத்திலும் உணர்ச்சி குறைந்திருக்கிறதா? நடக்கும்போது பாதம் தொங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாள் கடத்தினால் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம் என்றார். இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி இருந்தால் மீதியைப் படிக்க வேண்டாம், கிளம்புங்கள். எனக்கு இல்லை. குதிகாலில் நடக்கச் சொன்னார், நடந்தேன். கட்டைவிரலைத் தன் விரலால் அழுத்திக்கொண்டு மேலே தூக்கச் சொன்னார். வலது பக்கத்தைவிட இடது கொஞ்சம் பலவீனம். எல்5 நரம்பு, அப்படியானால் பெரும்பாலும் எல்4-எல்5 டிஸ்க்தான், அதாவது கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருப்பது என்றார். எம்ஆர்ஐயும் அதையே சொன்னது.

அந்த ரிப்போர்ட்டை வீட்டில் வைத்துப் படித்தால் நடக்கவே பயம் வரும். தேய்மானம், பிதுக்கம், உலர்ந்த டிஸ்க் என்று வரிக்கு வரி. எனக்குத் தைரியம் கொடுத்தது 2015-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம். 40 வயதில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். எல்லாரும் வலியில்லாமல் நடமாடுபவர்கள்! அதற்காக என் கால் வலி பொய்யாகிவிடாது. ஆனால் ரிப்போர்ட்டில் இருப்பது எல்லாமே என் வலிக்குக் காரணம் இல்லை, ரிப்போர்ட் அப்படியே இருக்க வலி மட்டும் போய்விடவும் முடியும் என்பது தெளிவானது. பிதுங்கி வெளியே வந்த பகுதியை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்வதும் சகஜமாம். துண்டு பெரிதாக வெளிவந்திருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குத் தலைகீழாகத் தோன்றியது, ஆனால் உண்மை.

இரண்டாவதாகப் பார்த்த ஒரு டாக்டர், இனி ஆயுசுக்கும் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார். அம்மாவுக்கு அது தேனாக இனித்தது. "இந்த இரும்பைத் தூக்காட்டி இப்ப என்னடி கெட்டுப்போச்சு? பேசாம வாக்கிங் போ" என்று அன்றிலிருந்து ஆரம்பித்தார். நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோவுக்குக் குறையாது. கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பதைத் தொடும். அரிசி மூட்டை 25 கிலோ. ஐந்து கிலோ விதியோடு இந்த வீட்டில் ஒரு நாள் ஓட்ட முடியாது. தூக்காமல் இருக்க வழியில்லை என்றால் தூக்கப் படிக்க வேண்டியதுதானே.

படிப்பித்தது ஒரு பிசியோ, என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். "அக்கா, முதல்ல எது வலிக்குதுன்னு கண்டுபிடிப்போம். உடற்பயிற்சி அப்புறம்" என்றாள். குனிந்தால், உட்கார்ந்தால், வளைந்து திரும்பினால் வலி. பின்னால் சாய்ந்தால், நடந்தால் குறைவு. அப்படியானால் எனக்கு ஆகாதது முன்பக்க வளைவு. இது எல்லாருக்கும் பொருந்தாது. பின்னால் வளைந்தால் வலிப்பவர்களும் நடந்தால் வலிப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு வழி வேறு. பக்கத்து வீட்டுக்காரர் செய்த பயிற்சியைப் பார்த்துச் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

அவள் சொன்ன இன்னொன்று நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கென்சி பிரபலப்படுத்திய விஷயம். வலி காலிலிருந்து விலகி இடுப்பை நோக்கி ஏறினால், இடுப்பு வலி கொஞ்சம் கூடினாலும் அது நல்ல அறிகுறி. இடுப்பு லேசாகி வலி கெண்டைக்கால் பக்கம் இறங்கினால் கெட்ட அறிகுறி. இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால், "இடுப்பு வலி போயிடுச்சு" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே தப்பான திசையில் போயிருப்பேன்.

அப்புறம் காலை நேரம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி நீரை இழுத்துக்கொண்டு உப்புகின்றன. எழுந்ததும் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதும் அதனால்தான். அந்த நிலையில் குனிந்தால் டிஸ்க்கின் மேல் விழும் இழுவிசை பகலைவிடப் பல மடங்கு. எழுந்து நடமாடும் முதல் ஒரு மணி நேரத்திலேயே உப்பலில் பெரும்பகுதி வடிந்துவிடுகிறது. காலையில் குனிவதைத் தவிர்த்தாலே நாள்பட்ட முதுகுவலி குறைகிறது என்று 1998-லேயே ஒரு ஆய்வு வந்திருக்கிறது. என் அன்றாடத்தைப் பாருங்கள்: எழுந்ததும் வாசல் தெளித்து, இடுப்பை மடக்கிக் கோலம், அடுத்து வாளி, அடுத்து ஐந்தரை மணி ஜிம். எல்லாமே அந்த ஒரு மணி நேரத்துக்குள். ஜிம்மைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன். வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டினேன். அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆரம்ப வாரங்களில் செய்தது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கிலின் மூன்று பயிற்சிகள். ஒரு முழங்காலை மடக்கி, இடுப்புக்கு அடியில் கை வைத்து, தலையையும் தோளையும் இம்மியளவு தூக்கும் கர்ல்-அப், ஒருக்களித்து முழங்கையை ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பக்கவாட்டு பிளாங்க், நாலு காலில் நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்டும் பேர்ட்-டாக். ஒவ்வொன்றும் பத்து விநாடிப் பிடிப்பு, முதல் செட்டில் ஆறு, அடுத்து நாலு, அடுத்து இரண்டு. களைப்பு ஏற ஏற எண்ணிக்கை குறைவதால் வடிவம் கெடுவதில்லை. இதோடு ஒரே நீள நடைக்குப் பதிலாக நாளில் சிலமுறை குட்டி நடை. விளக்கமாகச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. சலிப்பான வேலை, செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கால் வலி முழங்காலுக்கு மேலே ஏறியதும் இடுப்பு மூட்டில் மடங்குவதைப் புதிதாகப் படித்தேன். மாப்புக் குச்சியை முதுகோடு வைத்துப் பிடிக்க வேண்டும். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு, மூன்று இடத்திலும் குச்சி ஒட்டியபடியே பிட்டத்தைப் பின்னால் தள்ளி மடங்க வேண்டும். எந்த இடத்தில் குச்சி முதுகை விட்டு விலகுகிறதோ, அதுதான் அன்றைய எல்லை. எனக்கு முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே விலகியது. பல வருஷம் டெட்லிஃப்ட் செய்தவளுக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

அந்த எல்லைக்கு ஏற்ற உயரத்தில் எடையை வைப்பதுதான் மொத்த சூட்சுமமும். ஒரு ஸ்டெப்பர் பலகைமேல் 12 கிலோ கெட்டில்பெல், கால்களுக்கு நடுவில். மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருகிறார்கள் என்றால் எப்படி இறுக்குவோமோ அப்படிச் சுற்றிலும் இறுக்கி, மெதுவாகத் தூக்கி மெதுவாக வைப்பது. வயிற்றை உள்ளே இழுப்பது வேறு, இது வேறு. 12 சுலபமானதும் 16, அப்புறம் 24. கெட்டில்பெல்லின் சௌகரியம், எடை கால்களுக்கு நடுவில், உடம்பின் மையத்துக்குக் கீழேயே இருப்பது. ஒரு கையில் மட்டும் தூக்கிக்கொண்டு நடப்பதும் இந்தக் கட்டத்தில் வந்தது. எதிர்ப்பக்க விலாவும் இடுப்பும் உடம்பைச் சாயவிடாமல் பிடிப்பதை அப்படியே உணரலாம். தண்ணீர் கேனை இப்போது இதே முறையில்தான் எடுக்கிறேன்: இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, பிட்டம் பின்னால், முதலில் ஸ்டூல் மேல், அங்கிருந்து டிஸ்பென்சருக்கு. கெட்டில்பெல்லை நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்து எழும் கோப்லெட் ஸ்குவாட் பெஞ்சு உயரம்வரைதான். அதற்குக் கீழே போனால் இடுப்பு உள்ளே சுருண்டுவிடும்.

இனி ராடு. குறைந்த எடையில் ஆரம்பிப்பதுதான் பாதுகாப்பு என்று எல்லாரும் நினைக்கிறோம். நம்மூர் ஜிம்களில் அதில் ஒரு பொறி இருக்கிறது. போட்டிக்கான பெரிய தட்டின் விட்டம் 450 மில்லிமீட்டர், எடை எதுவானாலும் ராடு தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். எங்கள் ஜிம்மில் இருப்பது பழைய இரும்புத் தட்டுகள். பத்து கிலோ தட்டை டேப் வைத்து அளந்தேன், 30 சென்டிமீட்டர்கூட இல்லை. அதாவது ராடு 15 சென்டிமீட்டருக்கும் கீழே. எடை குறைவு என்று பத்து கிலோ தட்டுகளை மாட்டித் தரையிலிருந்து இழுத்தால், பெரிய தட்டோடு குனிவதைவிட ஏழெட்டு சென்டிமீட்டர் கூடுதலாகக் குனிய வேண்டியிருக்கும். முதுகுக்கு ஆகாதது எடை அல்ல, அந்த ஆழம். காயத்திலிருந்து திரும்பி வரும் எத்தனையோ பேர் "வெறும் நாப்பது கிலோதான் போட்டேன், மறுபடி பிடிச்சுக்கிச்சு" என்று சொல்வதில் இதற்கும் பங்கிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் ஸ்குவாட் ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வைத்து, அதன்மேல் ராடைக் கிடத்தி ஆரம்பித்தேன். முதலில் வெறும் ராடு, 20 கிலோ. 40, 50, 60 என்று ஏறும்போது உயரத்தை மாற்றவில்லை. உயரத்தை ஒரு துளை இறக்கினால் எடையைக் குறைத்துக்கொண்டேன். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால், வலி வந்தபோது காரணம் எது என்று தெரியாது. ரேக்குக்கு அப்புறம் தட்டுகளுக்கு அடியில் ரப்பர் மேட் அடுக்குகள், ஒவ்வொன்றாக உருவியெடுத்துத் தரைவரை. தரை என்றால் பெரிய தட்டு நிற்கும் உயரம்தான், அதற்குக் கீழே எனக்குத் தேவையே இல்லை. ஆறு கோணச் சட்டம் மாதிரி இருக்கும் டிராப் பார் உங்கள் ஜிம்மில் இருந்தால் அதிர்ஷ்டசாலி. கைகள் உடம்பின் இருபுறமும் வருவதால் முன்னால் சாய்வது குறையும்.

ஜிம் மாஸ்டர் எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டை நீட்டினார். "இது போட்டா பயமில்லீங்க அக்கா." பெல்ட் வயிற்றுக்குள் அழுத்தம் கூட உதவும், அது சரிதான். ஆனால் நான் எந்த ஆழத்தில் குனிகிறேன் என்பதை அது தடுக்காது. கனமான செட்டுகளுக்கு மட்டும் பிறகு போட்டேன். வீட்டில் நாளெல்லாம் போட்டிருந்த இடுப்பு பெல்ட்டை பிசியோ அதற்கு எவ்வளவோ முன்னமே கழற்றச் சொல்லிவிட்டாள்.

இப்போது ஸ்விங். ராடு இவ்வளவு நன்றாகப் போகிறதே என்று 12 கிலோவில் ஸ்விங் தொட்டபோதெல்லாம், செய்யும்போது ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை பல் தேய்க்க வாஷ்பேசினில் குனிந்தால் இடது பிட்டத்தில் ஊசி. மெக்கிலும் சகாவும் 2012-ல் வெளியிட்ட கெட்டில்பெல் ஆய்வில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. வழக்கமாக எடை தூக்கும்போது மேல் முள்ளெலும்பை முன்பக்கமாகத் தள்ளும் விசை வரும். ஸ்விங்கில் அது திசை மாறி, எல்5-க்கு மேலே இருக்கும் எல்4-ஐப் பின்பக்கமாக இழுக்கிறது. ராடில் பெரிய எடை தூக்குபவர்கள் சிலருக்குக்கூட ஸ்விங் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். என் டிஸ்க் சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது!

வேகமும் சேர்கிறது. 12 கிலோ என்பது சும்மா தொங்கும்போது. வீசிப் பின்னால் வரும் பெல்லை நிறுத்தித் திருப்பும் நொடியில் கைகளும் முதுகும் தாங்குவது அதைவிட அதிகம். டெட்லிஃப்ட்டில் ஒவ்வொன்றுக்கும் முன் நின்று, மூச்செடுத்து, இறுக்கிக்கொள்ள நேரம் இருக்கிறது. ஸ்விங்கில் இறுக்குவதும் தளர்த்துவதும் ஓட்டத்திலேயே நடக்க வேண்டும். பத்துக்கு மேல் போனால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் பெல் முழங்கால் பக்கம் தாழும், தாழ்ந்தால் முதுகு வளையும். "நூறு ஸ்விங் சவால்" என்று பையன்கள் போர்டில் எழுதி வைத்துக்கொண்டு ஆடுவதைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது. நல்ல முதுகுக்காரர்கள், ஆடட்டும்.

எனக்கு வழி திறந்தது நிறுத்தி நிறுத்திச் செய்யும் ஸ்விங். பெல்லைப் பின்னால் இழுத்து ஒரே ஒரு வீச்சு, திரும்பத் தரையில் வைத்து, மூச்செடுத்து, மறுபடி. ஒரு செட்டுக்கு ஐந்து. பேச்சு சாதாரணமாக வரும்வரை ஓய்வு. கவனம் இரண்டே விஷயத்தில்: பெல் திரும்பி வரும்போது கைப்பிடி முழங்காலுக்கு மேலேயே இருக்க வேண்டும், முன்கை தொடையின் மேல்பகுதியைத் தொடும்வரை மடங்கக் கூடாது. சீக்கிரம் மடங்கினால் பெல் கீழே இழுத்துவிடும். ஓரிரு மாதம் இப்படியே போன பிறகுதான் இரண்டு வீச்சைச் சேர்த்துச் செய்தேன், பிறகு மூன்று. இப்போது 16 கிலோவில் எட்டு தொடர்ச்சியாக வருகிறது, அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

எதை ஏற்றலாம், எதை இறக்கலாம் என்பதை ஜிம்மில் இருக்கும்போது முடிவு செய்வதே இல்லை. உடம்பு சூடாக இருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் தெரியும். நோட்டில் மூன்று விஷயம் எழுதுவேன்: செய்யும்போது வலி பத்துக்கு எத்தனை, அன்று இரவு எப்படி, மறுநாள் காலை வாஷ்பேசினில் எப்படி. செய்யும்போது இரண்டு வரை இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கே வந்துவிட்டால் அடுத்த தடவையும் அதே எடை, அதற்கடுத்து ஏற்றம். மறுநாள் கூடியிருந்தால் பாதியாக இறக்கம். காலில் இறங்கியிருந்தால் மூன்று பயிற்சிகளும் நடையும் மட்டும். இடையில் ஒருமுறை நன்றாகவே பிடித்துக்கொண்டது. நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ஜிம்மில் எதுவுமே மாறவில்லை. அந்த வாரம் பொள்ளாச்சிக்கு ஸ்கூட்டரில் போய் வந்திருக்கிறேன், ஆடிட் வேலையாகத் தினம் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். குனிந்து உட்கார்ந்த நிலையில் வேகத்தடைமேல் ஏறி இறங்குவதும் ஒரு செட்தான், கணக்கில் எழுத வேண்டும். ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்டில் போடுவதை அன்றோடு விட்டேன், அதில் இழுப்பும் முறுக்கும் ஒன்றாக வருகிறது.

எல்லாம் திரும்பி வரவில்லை. குனிந்து நின்று இழுக்கும் பார்பெல் ரோவை விட்டுவிட்டேன். அதற்குப் பதில் சாய்வு பெஞ்சில் நெஞ்சைச் சாய்த்து டம்பெல் ரோ, முதுகுத் தசைக்கு அதே வேலை. ஸ்குவாட்டில் தொடை தரைக்கு இணையாக வரும் இடத்தோடு சரி. துருக்கி கெட்-அப், தரையில் படுத்து பெல்லை மேலே பிடித்தபடி எழுந்து நிற்பது, பார்க்கப் பயமாக இருந்தாலும் ஸ்விங்குக்கு முன்பே சுலபமாக வந்துவிட்டது. மெதுவான பயிற்சி, ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுகொள்ளலாம். பெல்லைத் தலைக்கு மேல் வீசும் ஸ்நாட்ச் மட்டும் பாக்கி. மாஸ்டர் எப்போ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். தீபாவளி கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன், எந்த தீபாவளி என்று சொல்லவில்லை.